கணுக்குச்சி குடித்த ஊர்

அந்த வருஷம் ஆடிக்காற்று வழக்கத்தைவிட அதிக நாள் அடித்தது. அடித்து, ஒற்றைவிளைக்கு மேற்கே கிடந்த தேரியின் பெரிய மணல்மேடு ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பிக்கொண்டு போய் வேறெங்கோ இறக்கிவைத்தது. மேடு போன இடத்தில், சிவந்த மணலின் பள்ளத்தில், அதுவரை யாரும் பார்த்திராத ஒரு செடி, எப்போதும் அங்கேயே இருந்ததைப்போல, இடுப்புயரத்துக்குப் புதர் புதராக நின்றது. அதற்கு இலை இல்லை. பச்சைக் குச்சிகள் மட்டும்தான். கணுக் கணுவாக, ஒடித்தால் கணுவில் மட்டுமே ஒடிகிற குச்சிகள். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. ஊர்க்காரர்கள் அதற்குக் கணுக்குச்சி என்று பேர் வைத்து, காய்ந்ததை விறகுக்கு எடுத்து வந்தார்கள்.

ஒற்றைவிளைக்கு மேற்கே சிவப்பு, கிழக்கே வெள்ளை. சிவப்பு தேரி, தண்ணீர் நிற்காத மணல்காடு. வெள்ளை உப்பளம். இரண்டுக்கும் நடுவே இருந்த ஊரில் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் உப்பு வாரினார், அல்லது வாரிய உப்பை லாரியில் ஏற்றினார். உப்பு வாருகிற பெண்கள் செட் செட்டாக வேலை செய்தார்கள். ஒரு செட்டுக்கு முன்னால் நின்று, உப்பை இழுத்துச் சேர்க்கிற பலகையைப் போடுகிறவள் எந்த வேகத்தில் இழுக்கிறாளோ அந்த வேகத்தில்தான் பின்னால் நிற்கிறவர்களும் இழுக்க வேண்டும். பெரிய செட்டுக்கு முன்னால் நின்றவள் பேச்சித்தாய். அவளுக்கு அடுத்து நின்றவள் அவள் தம்பி லிங்கதுரையின் மனைவி சொர்ணக்கிளி. லிங்கதுரை லாரியில் மூட்டை ஏற்றுகிறவன்.

வடக்கே ஏதோ ஒரு பாலைவன நாட்டிலிருந்து, தோளில் இரண்டு பைகளோடு ஊர் ஊராக வேர் விற்றுக்கொண்டு வந்த ஒருவர்தான், தவசிக்கனியின் டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்த கணுக்குச்சிக் கட்டைப் பார்த்து, அது விறகு இல்லை, மருந்து என்று சொன்னார். அவர் தமிழை எண்ணி எண்ணிப் பேசினார்.

"எங்க ஊர்லயும் இருக்கு. இளைப்புக்கு நல்லது. மூணு விரல்ல எடு. ஒரு சொம்புத் தண்ணி. ஒரு தடவை குடி. மிச்சம் கொட்டு. தினம் குடிக்காதே. நெஞ்சு ஓடும்."

"நெஞ்சு எங்கவே ஓடும்? அதுக்கென்ன காலா இருக்கு?" என்றான் சுயம்பு. அவனும் மூட்டை ஏற்றுகிறவன்தான். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வந்தவர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

பேச்சித்தாய்க்கு இளைப்பு உண்டு. பனிக்காலத்தில் பலகையை ஊன்றிக்கொண்டு நின்று மூச்சுக்கு அலைவாள். அவள்தான் முதலில் குடித்தாள். மூணு விரல் அளவு, ஒரு சொம்புத் தண்ணீர். அன்றைக்கு அவள் மூச்சு கதவு திறந்த மாதிரிப் போய் வந்தது. மருந்து பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இளைப்பு நின்றது. கூடவே அலுப்பும் நின்றது. உச்சி வெயிலில் வெள்ளைப் பாத்தியின் கூச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இழுக்கிற பலகை அவளுக்குத் தென்னந்துடைப்பம் போலக் கனமில்லாமல் இருந்தது. அவள் வேகமாக இழுத்தாள். பின்னால் நின்றவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் அவர்களும் குடித்தார்கள்.

உப்பு எப்படி விளைகிறது என்று தெரியாதவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலத்தடி உப்புத் தண்ணீரை இறைத்து ஒரு பாத்தியில் நிறுத்துவார்கள். வெயில் குடித்தது போக மிச்சத்தை அடுத்த பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். அங்கேயும் வெயில் குடிக்கும். பாத்திக்குப் பாத்தி தண்ணீர் குறைந்து, உறைப்பு ஏறி, கடைசிப் பாத்தியில் உப்பு கல்லாகிக் கீழே இறங்கும். உப்புக்காரர்களுக்குக் குறையக் குறையத்தான் மதிப்பு. ஆனால் உப்பு இறங்கிய பிறகு மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரை, அவர்கள் நஞ்சுத் தண்ணீர் என்று சொல்வதை, வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் விளைந்த உப்பும் கசந்துபோகும். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கணுக்குச்சியை அவர்கள் அந்தக் கையாலேயே காய்ச்சினார்கள். முதல் நாள் பானையில் மிஞ்சியதைக் கொட்ட மனசு வரவில்லை. அதில் புதுக் குச்சியைப் போட்டு, குறையவிட்டு, இரண்டாம் பானைக்கு மாற்றி, அதிலும் புதுக் குச்சியைப் போட்டு, குறையவிட்டு, மூன்றாம் பானைக்கு மாற்றி, தார் நிறத்துக்கு வந்த பிறகு ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினார்கள். "நல்லா டிகிரி ஏறியிருக்கு" என்று, பாத்தித் தண்ணீரின் உறைப்பைச் சொல்வதைப்போலவே, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏற்றுவதை ஞாபகம் வைத்திருந்தார்கள்; வடித்துவிடுவதை மறந்துவிட்டார்கள்.

தை பிறந்து உப்பு இறங்க ஆரம்பித்தபோது ஒற்றைவிளையில் தூங்குகிறவர்கள் குறைந்திருந்தார்கள், சாப்பிடுகிறவர்களும் குறைந்திருந்தார்கள், குவித்த உப்பு மட்டும் கூடியிருந்தது. தவசிக்கனி டீ போடுவதை விட்டுவிட்டு அடுப்பில் மூன்று பானைகளை வரிசையாக ஏற்றிவிட்டார்.

மாசி மாதம் ஒரு காலையில், பாத்தி வரப்பில் நடந்து வந்த பேச்சித்தாயின் நெஞ்சு வெளியே கேட்டது.

உரலில் யாரோ தூரத்தில் நெல் குத்துகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். செட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மைனி, சத்தம் ஒங்க மேலருந்தா வருது?" என்று கேட்டாள் சொர்ணக்கிளி.

"ஆமா, காலையிலருந்து இப்படித்தான் கெடக்கு. பலகைய எடு, வெயில் ஏறுது" என்றாள் பேச்சித்தாய்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரத்துக்குள் செட்டில் எல்லாருடைய நெஞ்சும் வெளியே கேட்டது. அடுத்த வாரத்தில் மூட்டைக்காரர்களுடையதும் கேட்டது. பங்குனி முடிவதற்குள் ஊரே ஒலித்தது.

முதலில் கொஞ்சம் இடைஞ்சலாக இருந்தது என்பது உண்மைதான். வெளியூர் பஸ் டிரைவர் ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினில்தான் ஏதோ தட்டுகிறது என்று மூடியைத் திறந்து பார்த்தார். நாய்கள் தேரிக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. சீட்டாடுகிறவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டார்கள். நல்ல சீட்டு விழுந்ததும் நெஞ்சு காட்டிக்கொடுத்துவிட்டது. "ஒமக்கு ஜோக்கர் வந்திருக்குவே, எறக்கும்" என்று எதிரில் இருப்பவன் சொல்லிவிட, ஆட்டமே ருசியில்லாமல் போயிற்று. உடைமரத்து மறைவில் சந்தித்துக்கொண்ட இரண்டு பேருக்கு, சத்தம் வைத்தே ஊர் கண்டுபிடித்து, சித்திரையில் கல்யாணம் செய்துவைத்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளக்காரர்களை அமர்த்தவில்லை. சாமியாடிகள் ஊர்ச் சத்தத்துக்கே ஆடினார்கள்.

பிறகு பழகிவிட்டது. இன்னார் வருகிறார் என்று ஆள் தெரிவதற்கு முன்னால் தெரிந்தது. செட்டுப் பெண்கள் பேச்சித்தாயின் நெஞ்சுக்குப் பலகை இழுத்தார்கள். அவள் நெஞ்சு வேகமெடுத்தால் பலகைகளும் வேகமெடுத்தன. குழந்தைகளுக்கு முதலில் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் எல்லாரும் ஒலிக்கிற ஊரில் சத்தமில்லாத குழந்தை ஒன்று தேரிக்குள் வழிதவறினால் எப்படித் தேடுவது? ஒரு தாய் தன் மகனுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். அவன் மணல்மேட்டுக்குப் பின்னால் விளையாடினாலும் அடுப்படியில் இருந்தே அவளுக்குக் கேட்டது. மற்ற தாய்மார்களும் கொடுத்தார்கள். யாரும் கெட்ட மனசோடு கொடுக்கவில்லை.

வைகாசியில் சுயம்புவின் நெஞ்சு லாரியடியில் நின்றது. அன்று காலை அது தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. அவன் தோளில் மூட்டையோடு சிரித்துக்கொண்டே, "ஓடுதுவே, காலில்லாமலே ஓடுது" என்றான். உச்சிப் பொழுதில் நின்றுபோனது. ஊர்ச் சத்தத்தில் ஓர் ஓட்டை விழுந்ததை எல்லாரும் கேட்டார்கள். அவன் வீட்டாருக்கு ஆள் போய்ச் சொல்வதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டு வந்துவிட்டார்கள்.

அவனுடைய மத்தியானக் கிளாஸ், குடிக்காமல், லாரிப் படியில் அப்படியே நிரம்பி இருந்தது.

"பாத்தியளா? குடிக்காம விட்டுட்டான். அதான் நின்னுபோச்சு" என்றார் தவசிக்கனி. அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது, கேட்டவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அன்று முதல் யாரும் கிளாஸில் மிச்சம் வைக்கவில்லை. சத்தம் என்றால் உயிர், சத்தம் இல்லை என்றால் சாவு என்பது ஊரில் அன்றோடு உறுதியாயிற்று. ஒரு நெஞ்சு கேட்காமல் போனால் மாலை கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு நடப்பது வழக்கமாயிற்று.

சொர்ணக்கிளி அந்த ஆனியில் கர்ப்பமானாள்.

அவளுக்கு இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயிருந்தன. அதனால் அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். ஆனால் ஒற்றைவிளையில் இனி எதையும் சொல்லாமல் இருக்க முடியாது. நாலாம் மாதத்தில், பாத்தியில் குனிந்து நின்றவளிடமிருந்து இரண்டு சத்தம் கேட்டது: ஒன்று பெரியது, ஒன்று அதற்குள்ளே சின்னதாக, அவசரமாக, சிட்டுக்குருவி இறக்கை அடிக்கிற மாதிரி. பேச்சித்தாய் பலகையைக் கீழே போட்டாள்.

"ஏட்டி கிளி! உள்ள ஆளு இருக்கா?"

"ஆமா மைனி."

"எந்தம்பி பிள்ளையா அது, இந்த ஓட்டம் ஓடுது? லாரிக்கு முன்னாடி ஓடும் போலயே!" என்று கத்திச் சிரித்தாள். செட்டே சிரித்தது. அந்தச் சாயங்காலம் சின்னச் சத்தத்தைக் கேட்க ஊர் அவள் வாசலில் கூடி நின்றது. லிங்கதுரை எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான். அவன் நெஞ்சு தவில் மாதிரி முழங்கியது.

அந்த மாதமே ஊரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பது எங்கும் உள்ளதுதான். சர்க்கரைத் தண்ணீரில் ஒரு சொட்டு. ஒற்றைவிளையில் இப்போது அதைக் கணுக்குச்சிக் கஷாயத்தில் தொட்டார்கள், வீட்டுக்கு ஒரு சொட்டு. ஊரில் வீடுகள் அதிகம். இரண்டு குழந்தைகளும் பெரிய சத்தமாக ஒலித்து, சீக்கிரமே நின்றன. தேரியோரம் சின்னக் குழிகளாக வெட்டி மூடினார்கள். "சேனை கொறைஞ்சுபோச்சு" என்று பேசிக்கொண்டே திரும்பினார்கள்.

சொர்ணக்கிளி அந்தப் பேச்சைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே நடந்தாள். அன்று இரவு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

பக்கத்து ஊர் சுகாதார நிலையத்தின் நர்ஸ் ஜெபராணி ஸ்கூட்டரில் வந்தாள். அவள் காதில் பஞ்சு வைத்திருந்தாள். இல்லாவிட்டால் ஒற்றைவிளையில் அவளால் வேலை பார்க்க முடியாது. சொர்ணக்கிளியின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

"அக்கா, பிள்ளைக்கு நெஞ்சு ஓடத்தான் செய்யும். ஆனா இது ஓட்டம் இல்ல, தெறிப்பு. இது இப்படியே அடிச்சா உள்ளயே களைச்சுப் போயிரும். நீங்க குடிக்கிறத நிறுத்துங்க. இன்னைக்கே கொறைக்க ஆரம்பிங்க."

"குடிக்காட்டி நின்னுபோகும்னு சொல்லுதாவளே."

"யாரு?"

"எல்லாரும்தான்."

"தினமும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைங்க. தூக்கம் வரும், தலை வலிக்கும், கை கால் ஓஞ்சு கெடக்கும். படுத்துக்குங்க. பிள்ளை வேணும்னா வேற வழி இல்லக்கா." ஜெபராணி மேலே எழுதியும் போட்டாள். மேலிருந்து ஒரு ஜீப் வந்தது. வந்தவர்களுக்குத் தவசிக்கனி ஆளுக்கொரு கிளாஸ் கொடுத்தார். ஜீப் சுறுசுறுப்பாகத் திரும்பிப் போனது.

சொர்ணக்கிளி குறைத்தாள். அரைக் கிளாஸ், கால் கிளாஸ், ஒரு மடக்கு, பிறகு ஒன்றுமில்லை. இத்தனை மாதம் தூங்காத தூக்கமெல்லாம் சுவர் சரிகிற மாதிரி அவள் மேல் விழுந்தது. பாத்தி வரப்பில் உட்கார்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். செட்டில் பலகைகள் ஒன்றாக விழும்போது அவள் பலகை மட்டும் பின்தங்கி விழுந்தது. "ஒரு கட்டைவண்டி நம்ம ரயில்ல கோத்துருக்கு" என்று பின்னால் நின்றவள் சொன்னாள். பேச்சித்தாய் முகம் கறுத்து, இன்னும் வேகமாக இழுத்தாள். சொர்ணக்கிளியின் பெரிய சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. சின்னச் சத்தமும் தேய்ந்தது. ஐப்பசி அடைமழையில் ஒரு காலை இரண்டும் கேட்கவில்லை.

அவள் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தபோது மாலையோடு வந்தார்கள். முன்னால் தவசிக்கனி, பின்னால் செட்டுப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் குடை பிடித்தவர்கள்.

"சொர்ணக்கிளி, இப்படிப் போய்ட்டியே தாயி" என்றார் தவசிக்கனி. குரல் உடைந்துதான் இருந்தது.

"எங்க போனேன்? இங்கனதான நிக்கேன்."

"நிக்க. நீ நிக்கலன்னு யாரு சொன்னா? ஆனா சத்தம் இல்லையேம்மா."

"பேசுதேன்லா? கஞ்சி வடிக்கேன்லா?"

தவசிக்கனி பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒரு கிழவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புதுசா போனவங்களுக்குக் கொஞ்ச நாளைக்குத் தெரியாதும்பாவ. நாமதான் பக்குவமா நடந்துக்கிடணும்" என்றார். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. மாலையை வாசல் நிலையில் தொங்கவிட்டு, குனிந்து கும்பிட்டுவிட்டு, மழையில் திரும்பிப் போனார்கள். பேச்சித்தாய் மட்டும் கொஞ்சம் தாமதித்தாள். "எந்தம்பிய அலைய விட்டுட்டியேட்டி" என்று சொல்லி அழுதாள்.

அதற்குப் பிறகு யாரும் அவளிடம் கோபமாக இல்லை. தண்ணீர்க் குழாயில் அவள் குடத்துக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்கள், பேசவில்லை. கடையில் அவள் கேட்ட சாமானைப் படியில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். பதினாறாம் நாள் அவளுக்குப் பிடித்த பனங்கிழங்கை வேகவைத்து வாசலில் படைத்தார்கள். அவள் எடுத்துச் சாப்பிட்டாள். ஷேர் ஆட்டோக்காரன் அவளை ஏற்றமாட்டேன் என்றான். செத்தவர்களை ஏற்றினால் வண்டிக்குப் பூசை போட வேண்டும் என்றான்.

லிங்கதுரைக்குத்தான் இரண்டு பக்கமும் பாதை இல்லை. ஊர் அவனிடம் துக்கம் கேட்டது. வீட்டில் அவள் சோறு போட்டாள். அவன் பாயில் அவள் பக்கத்தில் படுத்து, வயிற்றில் காதை வைத்துப் பார்ப்பான்.

"கேக்கலியே கிளி."

"ஒங்க நெஞ்சு இடிக்குது. அது அடங்குனா கேக்கும்."

"கைய வச்சா ஏதோ அசையத்தான் செய்யுது."

"அசையுதுல்லா? பொறவு என்ன?"

"அசையுதது வேற. கேக்கணும்லா?"

ஒருநாள் அவன் குடிக்காமல் வேலைக்குப் போனான். பொழுது ஏறும் முன்னே லாரிக்கு அடியில் நிழலுக்குப் படுத்தவன், பின்னால் வந்த சக்கரத்தின் சத்தத்துக்குக்கூட எழவில்லை. கூட இருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். வாயில் ஒரு கிளாஸை ஊற்றித்தான் எழுப்பினார்கள். அன்றிலிருந்து அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நாளைக்கு நிறுத்திருதேன் கிளி, பிள்ளை பொறக்கதுக்கு முன்ன நிறுத்திருதேன்" என்று சொல்வான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருப்பாள். அவன் தலைக்குள் நரம்பு துடிப்பது அவள் விரலுக்குத் தெரியும். அவன் சத்தம் இப்போது தவில் மாதிரி இல்லை. நடுநடுவே ஓர் அடி தவறி, பிறகு இரண்டு அடி சேர்ந்து விழுந்தது.

மாசியில், ஜெபராணி சொன்ன தேதிக்கு முன்னாலேயே, ஒரு மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. லிங்கதுரை வண்டி தேடி ஓடினான். ஜெபராணி வேறொரு ஊரில் இருந்தாள். ஆட்டோக்காரன் கதவைத் திறக்கவில்லை. லிங்கதுரை அங்கிருந்து உப்பளத்துக்கு ஓடி, பாத்தியின் நடுவே, பலகையோடு நின்ற தன் அக்காளின் காலைப் பிடித்தான்.

"யக்கா, ஒனக்கு அவ செத்தவளாவே இருக்கட்டும். செத்தவளக் குளிப்பாட்டவாச்சும் வருவேல்லா? வா."

பேச்சித்தாய் பலகையைப் போட்டுவிட்டு நடந்தாள். நடக்கும்போது மடியிலிருந்த சின்ன டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூன்றாம் பானையின் கஷாயம் அதில் இருந்தது.

விஷயம் பரவி, சேனை தொடுவதற்காக வீட்டுக்கு ஒருவராகக் கரண்டியும் கிண்ணமுமாக வந்து வாசலில் நின்றார்கள். சத்தமில்லாதவள் பெறுகிற பிள்ளைக்குச் சத்தம் வருமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தனை நெஞ்சும் ஆவலில் வேகமெடுத்து அடித்ததில் கூரை ஓடுகள் கிலுகிலுத்தன. அதனால்தான் உள்ளே குழந்தை பிறந்து, வாயைத் திறந்து, முகம் சிவக்க அழுதது வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை. தொப்புள்கொடியை அறுத்த பேச்சித்தாய்க்குக்கூட, தன் சத்தத்துக்கு நடுவில், திறந்த வாய்தான் தெரிந்தது.

அவள் டப்பாவைத் திறந்தாள்.

"மைனி, வேண்டாம்" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னாள் சொர்ணக்கிளி. எழுந்திருக்க அவளிடம் தெம்பு இல்லை.

"ஒரு சொட்டுட்டி. ஒரே சொட்டு. சத்தம் வந்துட்டா எல்லாம் சரியாயிரும். ஒன் பிள்ளைய நான் கொல்லுவனா?"

"சேனை வச்சுப் போன அந்த ரெண்டு பிள்ளைக்கும் நீங்கதான மைனி மொதல்ல தொட்டிய."

பேச்சித்தாயின் கை நின்றது.

"மொதல்ல இவளத் தூக்குங்க. தூக்கிட்டுப் பொறவு குடுங்க" என்றாள் சொர்ணக்கிளி.

பேச்சித்தாய் தூக்கினாள். பலகை பிடித்துக் காய்த்த உள்ளங்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் குழந்தையை முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். அதன் நெஞ்சு அவள் கன்னத்தில் பட்டது. அங்கே, ஈரத் தோலுக்கு உள்ளிருந்து, ஒரு விரல்நுனி தட்டிக்கொண்டே இருப்பதைப்போல இருந்தது. கேட்கவில்லை. ஆனால் நிற்கவுமில்லை. அவள் கன்னத்தை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இதா? இவ்வளவுதான் இருக்குமா?"

"இவ்வளவுதான் மைனி. நம்ம எல்லாருக்கும் இவ்வளவுதான் இருந்துச்சு."

கதவு தட்டப்பட்டது. "பேச்சி, என்னாச்சு?" கதவிடுக்கில் வாயை வைத்துக் கத்திய தவசிக்கனியின் குரல். "நான் புதுசா எறக்கிக் கொண்டாந்திருக்கேன். வீட்டுக்கு ஒரு சொட்டு, எல்லாரும் நிக்காவ. கதவத் தொற."

பேச்சித்தாய் குழந்தையைத் தாயின் பக்கத்தில் கிடத்தி, சேலையால் மூடினாள். கதவை ஓராள் நுழைகிற அளவுக்குத் திறந்து, வெளியே வந்து, பின்னால் சாத்தி, அதன் மேல் சாய்ந்துகொண்டாள். கரண்டிகள் வெயிலில் மின்னின. உயிரோடு இருக்கிறது என்று சொன்னால் அத்தனை கரண்டியும் உள்ளே போகும்.

"பொட்டப்பிள்ளை" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள். "சவமாப் பொறந்திருக்கு."

சொல்லிவிட்டுத்தான் கூட்டத்தின் கடைசியில் தம்பியைப் பார்த்தாள். யாரிடமோ கெஞ்சி வாங்கிய தண்ணீர் வண்டியின் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்காமல் நின்றிருந்தான். அவனைக் கொல்லைப்புறமாக வரச்சொல்லி, காதோடு சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். இவர்கள் கலையட்டும், பொறவு சொல்லிக்கலாம் என்று நினைத்தாள்.

உள்ளே பாயில் கிடந்த சொர்ணக்கிளிக்கு அத்தனை சத்தத்திலும் ஒரு சத்தம் தனியாகத் தெரியும். அது ஓடியது. தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஓர் அடி தவறியது. மூன்று அடி சேர்ந்து விழுந்தது. அவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்து, "ஏங்க, பிள்ளை உசுரோட இருக்கு, பிள்ளை இருக்கு" என்று கத்தினாள். வாசலில் அது யாருக்கும் கேட்கவில்லை. பிறகு ஓர் அடி விழுந்தது. அடுத்த அடிக்காக அவள் காத்திருந்தாள்.

கரண்டிகளைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கினார்கள். கொண்டுவந்த கஷாயத்தையெல்லாம் வாயில் ஊற்றிப் பார்த்தார்கள்; அது கடைவாயில் வழிந்தது. மனைவி முன்னமே போய்விட்டவன் என்பதால் தாலி அறுக்கவோ பொட்டு அழிக்கவோ ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிட்டார்கள். ஊர் மொத்தமும் பின்னால் போனது. பேச்சித்தாயை அழைத்தார்கள். அவள் கதவை விட்டு அசையவில்லை. பிள்ளைச் சவத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்தானே என்று அவர்களே சொல்லிக்கொண்டு போனார்கள்.

சத்தம் தேரிப் பக்கமாக நகர்ந்து, சின்னதாகி, ஒரு மணல்மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. ஒற்றைவிளையில் வெறும் வீடுகள் மட்டும் இருந்தன. அந்த அமைதியில் குழந்தை அழுவது தெரு முழுக்கக் கேட்டது.

பேச்சித்தாய் உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். டப்பாவிலிருந்ததை மண்தரையில் கவிழ்த்தாள். சொர்ணக்கிளி பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"பொறவு சொல்லலாம்னு நெனைச்சேன் கிளி" என்றாள் பேச்சித்தாய்.

சொர்ணக்கிளி திரும்பவில்லை. குழந்தை மார்பை விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டது.

"இருட்டுமுன்ன ஜெபராணி ஊருக்கு நடந்துருவோம். நான் தூக்கிக்கிடுதேன்" என்றாள் பேச்சித்தாய். "இனிமே நானும் குடிக்கமாட்டேன்."

"ஒங்களுக்கும் மாலை கொண்டாருவாவ."

"கொண்டாரட்டும். நெலையில தொங்கவிட்டுட்டுப் போவட்டும்."

சொர்ணக்கிளி எழுந்து உட்கார்ந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றி, ஒரு நொடி தயங்கி, பேச்சித்தாயின் நீட்டிய கைகளில் கொடுத்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, தேரிப் பக்கம் பார்த்து, அவன் போன திசைக்கு ஒரு தடவை கும்பிட்டாள். இரண்டு பேரும் லாரிப் பாதையில் கிழக்கே நடந்தார்கள். பேச்சித்தாயின் நெஞ்சு இன்னும் பெரிதாகத்தான் அடித்தது. அவள் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையில் குழந்தையைக் கன்னத்தோடு வைத்தபடி, கேட்காத ஒன்றைத் தவறவிட்டுவிடாமல் மெதுவாக நடந்தாள்.